பிளஸ் டூ மார்க் எந்தப் படிப்புக்கு எவ்வளவு எண்ணப்படும்?

உங்கள் கேள்வியில் நான்கு கேள்விகள் இருக்கின்றன. மகள் மாநிலப் பாடத்திட்டத்தில் கணிதம்–உயிரியல் பிரிவில் பிளஸ் டூ படிக்கிறாள். அரையாண்டில் 600க்கு 498. பிளஸ் ஒன்னில் மார்க் சுமார்தான், அதையும் சேர்த்துப் பார்ப்பார்களா என்பது முதல் கேள்வி. 498ஐ ஒட்டி வந்தால் நல்ல கல்லூரி கிடைக்குமா என்பது இரண்டாவது. நீட் பயிற்சிக்கும் போவதால் பொதுத்தேர்வில் பாஸானால் போதும் என்று விட்டுவிடலாமா என்பது மூன்றாவது. அமெரிக்காவில் இருக்கும் உங்கள் தம்பி "இங்கெல்லாம் கடைசி வருஷத்து மார்க்கை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை" என்கிறாரே, அது நம் ஊருக்குப் பொருந்துமா என்பது நான்காவது. மேல்நிலை வகுப்புகளுக்குப் பாடம் எடுத்தவன், கவுன்சிலிங் நேரத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து கல்லூரிப் பட்டியல் போட்டுக் கொடுப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பிளஸ் ஒன் மார்க் சேராது. இந்தக் குழப்பம் வருவதற்குக் காரணம் உண்டு. முன்பெல்லாம் பிளஸ் டூவில் பாடத்துக்கு 200 வீதம் 1200 மார்க். 2017–18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தபோது பாடத்துக்கு 100 என்று குறைத்து, பிளஸ் ஒன் 600, பிளஸ் டூ 600, இரண்டும் சேர்த்து 1200 என்றுதான் முதலில் அறிவித்தார்கள். 2018 செப்டம்பரில் அதை மாற்றி, உயர்கல்விச் சேர்க்கைக்குப் பிளஸ் டூவின் 600 மட்டும்தான் என்றாகிவிட்டது. பிறகு 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை பிளஸ் ஒன் பொதுத்தேர்வையே கைவிட்டது. அரையாண்டு, திருப்புதல் தேர்வு மார்க்கெல்லாம் எந்தக் கல்லூரிக்கும் போவதில்லை. ஒரே ஒரு வருடம் விதிவிலக்கு. கொரோனாவால் 2021இல் பிளஸ் டூ தேர்வு நடக்கவில்லை. அந்த ஆண்டு மட்டும் பத்தாம் வகுப்பிலிருந்து 50 சதவீதம், பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ செய்முறை மற்றும் அகமதிப்பீட்டிலிருந்து 30 என்று கூட்டி மார்க் போட்டார்கள்.

மார்க் சேராது என்பதால் பிளஸ் ஒன் பாடம் வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மருத்துவத்துக்கான நீட், ஐஐடி, என்ஐடி சேர்க்கைக்கான ஜேஇஇ, இரண்டு நுழைவுத்தேர்விலும் ஏறத்தாழப் பாதி கேள்விகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்திலிருந்து வருகின்றன. பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமல் இரண்டு வருடமும் பிளஸ் டூ புத்தகத்தையே உருப்போட வைத்த பள்ளிகள் ஒரு காலத்தில் இங்கே ஏராளம். அந்தப் பிள்ளைகள் கட் ஆஃபில், அதாவது சேர்க்கைக்காகச் சில பாட மார்க்கை மட்டும் கூட்டிப் போடும் கணக்கில், முன்னால் நின்றார்கள், இன்ஜினியரிங் முதல் செமஸ்டர் கணிதத்தில் அரியர் வாங்கினார்கள். அந்தப் பழக்கத்தை நிறுத்தத்தான் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு வந்தது. இப்போது அது எடுக்கப்பட்டிருப்பது பிள்ளைகளின் பாரத்தைக் குறைக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பழைய பள்ளிகள் பழைய வழிக்குத் திரும்பும் என்ற கவலையும் எனக்கு இருக்கிறது.

இனி 498. இந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு நான் எதுவும் சொல்ல முடியாது. வீட்டில், உறவில், பள்ளி வாசல் பேனரில் எல்லாரும் 600க்கு எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். ஆனால் சேர்க்கையில் அந்த மொத்தத்தைத் தலையாய அளவாக வைத்துக்கொள்ளும் படிப்பு மிகக் குறைவு. ஒவ்வொரு படிப்பும் அந்த மார்க் ஷீட்டிலிருந்து தனக்கு வேண்டிய பாடங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இரண்டு மாணவிகள், இருவருக்கும் 540. முதல் பெண்ணுக்குத் தமிழ் 97, ஆங்கிலம் 95, கணிதம் 82, இயற்பியல் 86, வேதியியல் 88, உயிரியல் 92. இரண்டாவது பெண்ணுக்குத் தமிழ் 84, ஆங்கிலம் 80, கணிதம் 96, இயற்பியல் 94, வேதியியல் 95, உயிரியல் 91. இன்ஜினியரிங் கட் ஆஃப் 200க்குப் போடுவது: கணிதம் முழுதாக 100, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி. முதல் பெண்ணுக்கு 82, 43, 44 சேர்ந்து 169. இரண்டாவது பெண்ணுக்கு 96, 47, 47.5 சேர்ந்து 190.5. மொத்தம் ஒன்றே, கட் ஆஃபில் இருபத்தொன்றரை வித்தியாசம். ஒருத்தி கேட்ட கல்லூரியில் கேட்ட பிரிவை எடுக்கும் இடத்தில் நிற்கிறாள், மற்றவள் கவுன்சிலிங்கின் இரண்டாம் சுற்றுக்காகக் காத்திருக்கிறாள்.

அதே இருவரும் கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தால் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கும் தலா 50ஆகச் சுருக்கப்படும். அங்கே 174, 188. இடைவெளி பதினான்காகக் குறைகிறது. கால்நடை மருத்துவத்துக்கு உயிரியல் முழுதாக, இயற்பியலும் வேதியியலும் பாதி: 179, 185.5. இன்னும் நெருங்கிவிட்டார்கள். அரசுக் கலைக் கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம் கேட்டால் ஆங்கில மார்க்கைத்தான் பார்ப்பார்கள். முதல் பெண் 95, இரண்டாவது பெண் 80. பி.ஏ. தமிழுக்கும் அப்படியே, தமிழ்ப் பாட மார்க். அங்கே முதல் பெண்தான் மேலே. ஆகவே உங்கள் மகளின் 498ஐப் பாடவாரியாகப் பிரித்து எழுதி, அவள் நினைக்கும் ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனிக் கட் ஆஃப் போட்டுப் பாருங்கள். எல்லாவற்றிலும் சமமாக 83 என்றால் இன்ஜினியரிங் கட் ஆஃப் 166. மொழிப் பாடங்கள் 90ஐத் தாண்டிக் கணிதம் 75இல் நின்றால் 160க்கும் கீழே போகும்.

இன்ஜினியரிங்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பிளஸ் டூ மார்க் முழு அதிகாரத்தோடு உட்கார்ந்திருக்கும் இடம் அதுதான். 1984இலிருந்து இங்கே தொழிற்கல்விக்கு நுழைவுத்தேர்வு இருந்தது. 2006இல் சட்டம் கொண்டுவந்து அதை எடுத்தார்கள். 2007 சேர்க்கையிலிருந்து பிளஸ் டூ மார்க்தான் எல்லாம். 2025 தரவரிசையில் ஏறத்தாழ 2.4 லட்சம் பேர் இருந்தார்கள். அதில் 200க்கு 200 எடுத்தவர்கள் மட்டும் நூறு பேருக்கு மேல்.

அந்த 200 எங்கிருந்து வருகிறது என்று உடைத்துப் பார்த்தால் இன்னொன்று தெரியும். இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. கணிதத்துக்கு எழுத்து 90, அகமதிப்பீடு 10. கட் ஆஃபில் பாதியாக்கிக் கூட்டினால், பள்ளி அளவில் கிடைக்கும் செய்முறையும் அகமதிப்பீடும் சேர்ந்து 40. இந்த நாற்பதில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு முழுதாகவோ ஒன்றிரண்டு குறைவாகவோ விழுந்துவிடுகிறது. மீதி 160ஐத் தீர்மானிப்பது மூன்று நாள், மூன்று மூன்று மணி நேரம் எழுதும் தேர்வுகள். அதிலும் கணிதம் தனியாக 90. கணிதத்தில் ஒரு மார்க் போனால் கட் ஆஃபில் ஒன்று போகும். இயற்பியலில் ஒரு மார்க் போனால் அரைதான் போகும். மீதமிருக்கும் மாதங்களில் எந்தப் பாடத்துக்கு நேரம் ஒதுக்குவது என்று யோசிக்கும்போது இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே 95 வாங்கும் பாடத்தை 97 ஆக்குவதற்கு ஆகும் உழைப்பில், 75 வாங்கும் பாடத்தை 85 ஆக்கிவிடலாம்.

ஒரே கட் ஆஃபில் நூற்றுக்கணக்கானோர் நிற்பார்கள். அவர்களை வரிசைப்படுத்த முதலில் கணித மார்க், பிறகு இயற்பியல், பிறகு நான்காவது விருப்பப் பாடம் பார்ப்பார்கள். உங்கள் மகளுக்கு அது உயிரியல், வேறு சிலருக்குக் கணினி அறிவியல். அதிலும் சமம் என்றால் பிளஸ் டூ மொத்தம், அடுத்து பத்தாம் வகுப்பு மொத்தம், பிறகு பிறந்த தேதி. வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை. அதற்குப் பிறகும் தீராவிட்டால் விண்ணப்பித்ததும் ஒதுக்கப்படும் ரேண்டம் எண். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் பீரோவில்தானே கிடக்கிறது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், அதற்கும் சின்ன வேலை ஒன்று இருக்கிறது.

போன வருடம் இந்தக் கல்லூரி 172க்கு மூடியது, ஆகவே இந்த வருடமும் 172 போதும் என்று கணக்குப் போடுவதுதான் பெற்றோர் அதிகம் செய்கிற தவறு. வினாத்தாளைப் பொறுத்து மொத்தப் பட்டியலும் மேலேயோ கீழேயோ நகரும். வேதியியலில் 2023இல் சென்டம் எடுத்தவர்கள் 3,909 பேர். அடுத்த வருடம் 471 பேர். அப்படி நகரும்போது போன வருடக் கட் ஆஃப் சும்மா ஒரு எண்தான். கட் ஆஃபை விட ரேங்க் நம்பகமானது. போன வருடம் அந்தப் பிரிவின் கடைசி இடம் எந்த ரேங்க்குக்குப் போனது என்று பாருங்கள். பொது ரேங்க், கம்யூனிட்டி ரேங்க் இரண்டும் தருவார்கள். இங்கே 31 சதவீத இடம் எல்லாருக்கும் பொதுவான திறந்த போட்டி, பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, பட்டியல் சாதியினருக்கு 18, அதில் அருந்ததியர் உள் ஒதுக்கீடு 3, பழங்குடியினருக்கு 1. ஒரே மார்க்குக்கு இரண்டு குடும்பங்களில் இரண்டு விதமான கல்லூரி கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சாதிச் சான்றிதழை இப்போதே சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள், ஜூன் மாதம் தாலுகா அலுவலகம் அலைவதை விட அது மேல்.

ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் கணக்கு மாறும். 2020இல் மருத்துவத்துக்கும், 2021இல் இன்ஜினியரிங், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டில் அவர்களுக்குத் தனித் தரவரிசை. படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் அரசே கட்டுகிறது. உங்கள் மகள் எந்தப் பள்ளி என்று நீங்கள் எழுதவில்லை. இடையில் ஓரிரு வருடம் தனியார் பள்ளியில் இருந்திருந்தால் பொதுவாக இது கிடைக்காது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் எட்டாவது வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் வழி உண்டு.

சிபிஎஸ்இ பிள்ளைகளுக்கு மார்க்கைக் கூட்டிக் குறைப்பார்களாமே என்று பலர் கேட்பார்கள். 2006ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அதற்கு வழி சொல்லியிருக்கிறது. ஒரு பாடத்தில் மாநில வாரியத்தின் முதல் மார்க் 100, மற்றொரு வாரியத்தின் முதல் மார்க் 90 என்றால், அந்த 90ஐ 100 என்று வைத்து மற்றவற்றையும் அதே விகிதத்தில் உயர்த்துவார்கள். 60 எடுத்தவருக்கு 66.66 ஆகும். ஆனால் இப்போது எல்லா வாரியத்திலும் யாராவது ஒருவர் நூறு எடுத்துவிடுகிறார். முதல் மார்க் இரண்டிலும் 100 என்றால் இந்தச் சமன்பாடு எதையும் மாற்றாது. எந்த வாரியத்து வினாத்தாள் கடினம் என்ற சண்டையை வாட்ஸ்அப்பில் போடலாம், தரவரிசையில் அதற்கு இடமில்லை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம் போன்றவற்றுக்கு இங்கே பிளஸ் டூ மார்க்தான். சட்டப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டுப் படிப்புக்கும் பிளஸ் டூ மார்க். ஆனால் திருச்சியில் இருக்கும் தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு கிளாட் என்ற நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளில் பி.எஸ்சி., பி.காம். எல்லாவற்றுக்கும் மொழிப் பாடங்கள் இரண்டையும் விட்டுவிட்டு மற்ற நான்கையும் 400க்குக் கூட்டுவார்கள். நல்ல ஊரில், நல்ல அரசுக் கல்லூரியில் பி.காம்., பி.எஸ்சி. கணினி அறிவியல் இடங்கள் எவ்வளவு சீக்கிரம் முடிகின்றன என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. இன்ஜினியரிங் கிடைக்காவிட்டால் ஆர்ட்ஸ் காலேஜ் இருக்கிறது என்ற பேச்சு பழைய காலத்துப் பேச்சு.

இனி நீட். எம்.பி.பி.எஸ். சேர்க்கையில் 2016 வரை இங்கே பிளஸ் டூ மார்க்தான் ஆண்டது: உயிரியல் 100, இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பது. 2017இல் நீட் வந்த பிறகு பிளஸ் டூ மார்க் வெறும் தகுதி வரம்பாகச் சுருங்கிவிட்டது. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் சேர்த்துப் பொதுப் பிரிவுக்கு 50 சதவீதம், ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 40. அதைத் தாண்டிவிட்டால் 55க்கும் 99க்கும் வித்தியாசம் கிடையாது. நீட்டில் இருவர் சமமாக வந்தாலும் பிளஸ் டூ மார்க்கைப் பார்ப்பதில்லை. அரியலூர் மாணவி அனிதா 1200க்கு 1176 எடுத்தும் அந்த வருடம் மருத்துவ இடம் இல்லாமல் போனது இந்த ஒரு விதி மாற்றத்தால்தான். ஓராண்டு முந்திப் பிறந்திருந்தால் கதை வேறு. அதை நினைக்கும்போது இன்றும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஐஐடி, என்ஐடி பக்கம் இன்னொரு வகை. ஜேஇஇ மெயினில் 2013இலிருந்து 2016 வரை தரவரிசைக்கே பிளஸ் டூ மார்க் 40 சதவீதம் சேர்ந்தது, 2017இல் எடுத்துவிட்டார்கள். இப்போது வரம்பு மட்டும்: 75 சதவீதம், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 65, அல்லது அந்தந்த வாரியத்தில் முதல் 20 பெர்சன்டைலுக்குள், அதாவது முன்னணி 20 சதவீதத்தினரில் ஒருவராக, இருக்க வேண்டும். கொரோனா காலத்தில் தளர்த்தியதை 2023இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஜேஇஇயில் நல்ல ரேங்க் எடுத்துவிட்டு, 74 சதவீதத்தில் நின்று திருச்சி என்ஐடி இடத்தைக் கோட்டைவிடும் சாத்தியம் இருக்கிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022இலிருந்து கியூட் தேர்வு. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகமும் அதில்தான் வருகிறது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சில படிப்புகளுக்கு நூறு சதவீதம் கட் ஆஃப் போட்ட காலம் அதோடு முடிந்தது. அங்கேயும் பிளஸ் டூ இப்போது தகுதிக்கு மட்டும். தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் சொந்த நுழைவுத்தேர்வும் ஒரு குறைந்தபட்ச சதவீதமும் வைத்திருக்கின்றன. உதாரணமாக வேலூர் விஐடியில் பொதுவாக இயற்பியல், வேதியியல், கணிதம் சேர்த்து 60 சதவீதம். தஞ்சை சாஸ்த்ராவில் பிளஸ் டூ மார்க்கை வைத்து மட்டும் சேரும் வழியும் உண்டு.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருவோம். நீட் எழுதுவதால் பொதுத்தேர்வை விட்டுவிடலாமா? மருத்துவத்தை மட்டும் பார்த்தால் கணக்கு சரி, மேலே சொன்ன தகுதி வரம்பைத் தாண்டினால் போதும். ஆனால் நீட் எழுதுபவர்களில் பெரும்பாலானோருக்கு அரசு இடம் கிடைப்பதில்லை என்பதையும் அதே மூச்சில் பார்க்க வேண்டும். கிடைக்காதவர்கள் ஜூலை மாதம் திரும்பிப் பார்க்கும்போது கையில் இருப்பது பிளஸ் டூ மார்க் ஷீட் ஒன்றுதான். கால்நடை மருத்துவம், வேளாண்மை, நர்சிங், இன்ஜினியரிங் எல்லாம் அதை வைத்துத்தான். மாநில ஒதுக்கீட்டில் கால்நடை மருத்துவத்துக்கு நீட் தேவையில்லை. டாக்டர் என்று பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ள ஆசைப்படும் வீடுகளுக்கு இது ஏனோ கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது. உங்கள் மகளின் பிரிவில் கணிதமும் இருக்கிறது, உயிரியலும் இருக்கிறது. இத்தனை வாய்ப்பு உள்ள பிரிவு வேறு இல்லை. அதை வைத்துக்கொண்டு பொதுத்தேர்வைப் பாஸுக்குப் படிப்பது கைக்காசைத் தெருவில் போடுவது போல. நீட்டுக்கு எப்படியும் இயற்பியல், வேதியியல், உயிரியல் படிக்கிறாள். கூடுதலாக வேண்டியது கணிதமும், விரிவாக விடை எழுதும் பழக்கமும். பயிற்சி மையங்களில் நான்கு விடைகளில் ஒன்றைக் கறுப்பாக்கியே பழகியவர்கள் ஐந்து மார்க் கேள்விக்கு மூன்று வரி எழுதிவிட்டு வருவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வாரத்துக்கு ஒரு முழு எழுத்துத் தேர்வாவது வீட்டில் எழுத வையுங்கள்.

மொழிப் பாடங்கள் இன்ஜினியரிங் கட் ஆஃபில் சேராது என்றேன். அதனால் ஆங்கிலத்தைக் கைகழுவிவிடக் கூடாது. ஒவ்வொரு பாடத்திலும் 35 வேண்டும். செய்முறை உள்ள பாடமாக இருந்தால் எழுத்துத் தேர்வில் மட்டும் 70க்கு 15ஆவது எடுத்திருக்க வேண்டும். இல்லாத பாடங்களில் 90க்கு 25. கட் ஆஃப் 185 வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் 33 எடுத்தால் அந்த 185க்கு முதல் கவுன்சிலிங்கில் இடமில்லை. துணைத் தேர்வு எழுதித் தேறி, கடைசியில் நடக்கும் துணைக் கலந்தாய்வுக்குத்தான் வர வேண்டும். அதற்குள் நல்ல இடங்கள் போயிருக்கும்.

உங்கள் தம்பி சொன்னது அங்கே சரிதான். அமெரிக்கக் கல்லூரிகள் ஒன்பதாம் வகுப்பிலிருந்து நான்கு வருட மதிப்பெண்களைப் பார்க்கின்றன. விண்ணப்பம் பன்னிரண்டாம் வகுப்பின் நடுவிலேயே, நவம்பரிலிருந்து ஜனவரிக்குள் போய்விடும். ஆகவே கடைசி வருடத்தின் முழு மார்க் அப்போது வந்திருக்காது. பாதி வருட அறிக்கையைப் பள்ளி பின்னர் அனுப்பும். இடம் கிடைத்துவிட்டது என்று அலட்சியமாக இருந்தாலும் சிக்கல், கோடையில் இறுதி மதிப்பெண் பட்டியல் போகும்போது பெரிதாகச் சறுக்கியிருந்தால் கொடுத்த இடத்தைத் திரும்பப் பெறும் உரிமை கல்லூரிக்கு உண்டு. இங்கிலாந்தில் வேறு விதம்: இறுதித் தேர்வில் இவ்வளவு வந்தால் இடம் உண்டு என்று நிபந்தனையோடுதான் கொடுப்பார்கள். நம் ஊரில் நான்கு வருட உழைப்பு என்று எதையும் யாரும் கேட்பதில்லை, மார்ச் மாதத்தில் எழுதுவதுதான். காய்ச்சலோடு கணிதத் தேர்வு எழுதிய பிள்ளைக்கு இது கொடுமை. அதேசமயம் கிராமத்து அரசுப் பள்ளிப் பிள்ளையிடம் விளையாட்டு, இசை, தன்னார்வப் பணி, பரிந்துரைக் கடிதம் எல்லாம் கேட்கும் முறை நியாயமானது என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

ரிசல்ட் வந்த பிறகு செய்ய வேண்டியவை உண்டு. எதிர்பார்த்ததை விடக் கணிதத்தில் ஐந்தாறு குறைந்தால் உடனே விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள். நகல் வந்ததும் பாட ஆசிரியரிடம் காட்டி, கூட்டல் பிழையா, திருத்தாமல் விட்ட பக்கமா, திருத்தியதிலேயே குறையா என்று பார்த்து, அதற்கேற்ப மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்கலாம். மறுமதிப்பீட்டில் மார்க் குறையவும் கூடும், ஆகவே ஆசிரியர் உறுதியாகச் சொன்னால் மட்டும் போங்கள். இதற்கெல்லாம் தேதி மிகக் குறுகலாக இருக்கும். புதிய மார்க் வந்தால் அது கவுன்சிலிங் தரவரிசையில் ஏறியிருக்கிறதா என்பதைச் சேவை மையத்தில் போய் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பிறகு விருப்பப் பட்டியல். அண்மை ஆண்டுகளில் பொதுக் கலந்தாய்வின் முதல் சுற்று 180ஐ ஒட்டிய கட் ஆஃபோடு முடிகிறது. 166இல் இருப்பவர் இரண்டாம் சுற்றில் வருவார். அங்கே இன்னும் ஏராளமான இடங்கள் இருக்கும், ஆனால் பட்டியலைச் சரியாகப் போட்டவருக்கு ஒரு கல்லூரி, சோம்பேறித்தனமாகப் பத்து கல்லூரி மட்டும் போட்டவருக்கு வேறு கல்லூரி. நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன, எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் போடலாம். கிடைக்காது என்று தோன்றும் இடத்தையும் மேலே போடுங்கள், அதனால் நஷ்டமில்லை. ஒதுக்கீடு வந்ததும் ஏற்றுக்கொள்ளலாம், அல்லது ஏற்றுக்கொண்டே மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருக்கலாம். என் அனுபவத்தில் 160இலிருந்து 175 வரை உள்ள பிள்ளைகளுக்குக் கடைசி மூன்று மார்க்கை விட இந்தப் பட்டியல்தான் அதிக வித்தியாசத்தைத் தருகிறது. கம்ப்யூட்டர் சயின்ஸ் என்ற பெயருக்காகப் பெயர் தெரியாத கல்லூரிக்குப் போவதா, ஒரு நல்ல பழைய அரசுக் கல்லூரியில் எலக்ட்ரிகல் எடுப்பதா என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். இதில் என்னோடு சண்டை போடுகிறவர்கள் நிறையப் பேர்.

கடைசியாக, நீட் கிடைக்காவிட்டால் ஒரு வருடம் டிராப் செய்யலாம் என்று வீட்டில் பேச்சு வரும். இப்போது எடுக்கும் பிளஸ் டூ மார்க் அடுத்த வருடமும் தமிழ்நாடு இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் செல்லும். ஆனாலும் நீட் ரிசல்ட்டுக்காகக் காத்திருந்து இன்ஜினியரிங் விண்ணப்பத் தேதியை விட்டுவிடாதீர்கள். பதிவுக் கட்டணம் 500 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 250. வேளாண்மைக்கும் கால்நடைக்கும் தனித்தனி விண்ணப்பம், அவற்றையும் போட்டு வையுங்கள். பாடவாரியான அரையாண்டு மார்க்கையும், அவள் எந்த வகுப்பிலிருந்து எந்த வகைப் பள்ளியில் படித்தாள் என்பதையும் எழுதினால், எந்தக் கல்லூரிகளின் போன வருட ரேங்க்கைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.